கடலுக்கு அடியில் ஒரு தணிக்கை
மன்னார் வளைகுடாத் தீவுகளும் பவளப்பாறைக் கணக்கும்

பவழம் என்றதும் நம் பெண்மணிகளுக்கு நினைவுக்கு வருவது கழுத்து மாலை. ஜோசியர்களுக்குச் செவ்வாய். தமிழ் படித்தவர்களுக்குப் புறநானூற்றில் வரும் "துகிர்" என்ற சொல். தூத்துக்குடியில் பிறந்து, பிழைப்புக்காகத் தலைநகருக்கு வந்து முப்பத்தைந்து வருஷம் ஓட்டிவிட்ட எனக்கு நினைவுக்கு வருவது வேறு. எங்கள் வீட்டு அஸ்திவாரம்!

ஆமாம், எங்கள் பழைய வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டது கடல்கல்லில். சுவருக்குப் பூசிய சுண்ணாம்பும் கடல்கல்லைக் காளவாயில் சுட்டு எடுத்ததுதான். அந்தக் கல்தான் பவளப்பாறை என்பது சின்ன வயதில் எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். வள்ளத்தில் வந்து இறங்கும், விலை மலிவு, உப்புக்காற்றில் அரிக்காது. வேறென்ன வேண்டும்?

நான் கடல் உயிரியல் படித்தவனல்லன். கணக்குத் தணிக்கையில் காலம் தள்ளியவன். அப்படிப்பட்டவன் மலரில் பவளப்பாறை பற்றி எழுதலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். என் அக்கா மகன் கடல் ஆராய்ச்சி மாணவன். அவன் செய்கிற வேலையைக் கேட்கக் கேட்க, இது நம்ம தொழில்தானே என்று தோன்றியது. சரக்கு எவ்வளவு இருக்கிறது, எத்தனை வகை, எவ்வளவு சேதாரம், போன வருஷ இருப்பு என்ன? இதற்குப் பெயர் தணிக்கை இல்லாமல் வேறென்ன?

பவளம் செடியா, கல்லா, உயிரா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நகையில் பதிக்கும் சிவப்புப் பவழம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வந்த சரக்கு. அது தனி இனம், பாறை கட்டாது. நம் கடலில் பாறை கட்டுகிற பவளம் வேறு. இரண்டும் உறவுக்காரர்கள்தான், ஆனால் ஒரே வீட்டுக்காரர்கள் அல்லர்.

பாறை கட்டும் பவளம் ஒரு சின்னஞ்சிறு பிராணி. பாலிப் என்பார்கள். பல இனங்களில் ஒரு பாலிப் சில மில்லிமீட்டருக்கு மேல் இராது. கடல்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தனக்கு ஒரு கிண்ணம் கட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான கிண்ணங்கள் ஒட்டிக்கொண்டு வளர்வதுதான் ஒரு பவளத்திட்டு. அதன் உடம்புக்குள் ஒருவகை நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு பாசி சமைக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. பதிலுக்குப் பாசிக்கு இருக்க இடம். பவளத்தின் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் இந்தக் குடித்தனக்காரர் கொடுக்கும் நிறம்.

வளர்ச்சி மிக மெதுவானது. மான்கொம்பு போலக் கிளைவிடும் அக்ரோபோரா வகை வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வரை வளரும். உருண்டைப் பாறையாக வளரும் போரைட்டஸ் வகைக்கு வருஷத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். எங்கள் அஸ்திவாரத்தில் இரண்டடி உயரக் கல் இருந்ததென்றால், அது அறுபது வருஷ உழைப்பு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இருபத்தொரு தீவுகள்

தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே, கரையை ஒட்டினாற்போல் 21 சிறு தீவுகள். தூத்துக்குடிப் பக்கம் வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி, விலாங்குச்சல்லி. வேம்பார்ப் பக்கம் உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணி. கீழக்கரைப் பக்கம் ஆனைப்பார், வாலிமுனை, பூவரசன்பட்டி, அப்பா, தலையாரி, வாழை, முல்லி. மண்டபம் பக்கம் முயல் தீவு, மனோலி, மனோலிபுட்டி, பூமரிச்சான், புள்ளிவாசல், குருசடை, சிங்கிள்.

இந்தப் பெயர்களைச் சற்று உற்றுப் பாருங்கள். சல்லி என்றால் உடைகல். பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. முத்துக்குளித்த இடத்துக்கு முத்துப்பார் என்றே பெயர். இந்தத் தீவுகள் பவளத்தின் உடைசலும் மணலும் சேர்ந்து உண்டானவை. அதைப் பெயர் வைத்தவர்கள் அறிந்தே வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இத்தீவுகளும் சுற்றியுள்ள கடலும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. பூங்காவுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் போக முடியாது. ஆராய்ச்சியாளர்களுக்கும் அதே விதிதான்.

மொட்டைமாடியில் ஒரு பாடம்

பவளக் கணக்கை எப்படி எடுக்கிறார்கள்? லீவில் ஊருக்குப் போயிருந்தபோது மருமகனிடம் கேட்டேன். "வாங்க மாமா, காட்டுறேன்" என்று மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். தையல்காரர் நாடா போல ஆனால் நீளமான ஒரு அளவு நாடா. "கடல்ல இருபது மீட்டர் போடுவோம். இங்க இடமில்லை, பத்து போதும்" என்று ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நேராக இழுத்துக் கட்டினான்.

மாடியில் அக்கா வடகம் காயப் போட்டிருந்தாள். ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு துளசித்தொட்டி. "நாடாவுக்கு நேர் கீழே என்ன இருக்கோ அதை மட்டும் எழுதுங்க. பக்கத்துல இருக்கறது கணக்கில்லை" என்றான். எழுதினேன். வடகம் 210 சென்டிமீட்டர், தண்ணீர்த் தொட்டி 150, கட்டில் 180, துளசி 40, வெறும் தரை 420. மொத்தம் 1000.

"இப்ப வடகத்தைக் கிளைப்பவளம்னு வச்சுக்குங்க. தண்ணீர்த் தொட்டி உருண்டைப் பவளம். கட்டில் செத்துப்போய்ப் பாசி பிடிச்ச பவளம். துளசி மென்பவளம். தரை மணல்." அப்படியானால் உயிருள்ள கல்பவளம் 210ம் 150ம் சேர்ந்து 360. ஆயிரத்தில் 360 என்றால் 36 சதவிகிதம். இதைத்தான் "உயிர்ப்பவளப் பரப்பு" என்கிறார்கள். பவளப்பாறை பற்றிப் பத்திரிகையில் வரும் சதவிகிதங்கள் எல்லாம் இந்த வகைக் கணக்குதான்.

கீழே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "நாடாவை வடகத்து மேல போட்டா வடகம்தான் வரும், தரையில போட்டா தரைதான் வரும். இதுல என்ன கணக்கு?" என்றாள். சரியான தணிக்கைக் கேள்வி! மருமகன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அதனாலதாம்மா அழகா இருக்கற இடமாப் பார்த்து நாடா போடக்கூடாது. ஒரு தீவைச் சுத்தி நாலு பக்கமும், ஆழம் குறைஞ்ச இடம், கூடின இடம் எல்லாத்துலயும் பல நாடா போடணும். அடுத்த வருஷமும் அதே இடம், அதே ஆழம், அதே பருவம்." இடம் மாறினால் வித்தியாசம் பவளத்தில் வந்ததா, நாடாவில் வந்ததா என்று தெரியாது. அதற்காகச் சில இடங்களில் நிரந்தர அடையாளம் அடித்து வைப்பதும் உண்டு.

இன்னொரு முறையில் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைக் கடலடியில் வைத்துப் படம் பிடிக்கிறார்கள். பிறகு கம்ப்யூட்டர் அந்தப் படத்தின் மேல் கண்டபடி ஐம்பது புள்ளி தூவும். ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே என்ன என்று ஆள் பார்த்துக் குறிப்பார். படம் கையிலிருப்பதால் சந்தேகம் வந்தால் மறுபடி பார்க்கலாம். எங்கள் பாஷையில் சொன்னால், வவுச்சர் இருக்கிறது.

உயிரோடு இருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு

36 சதவிகிதம் உயிர்ப்பவளம் என்றால் பாறை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா? இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரும் உயிரோடுதான் இருக்கிறார்.

அதற்காக நிற அட்டை ஒன்றை 2002இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் கொண்டுவந்தார்கள். வெளிறியதிலிருந்து கறுத்தது வரை ஆறு படிகள். பவளத்தின் பக்கத்தில் அட்டையைப் பிடித்து, அதன் மிக வெளுத்த இடத்துக்கு ஒரு எண், மிகக் கறுத்த இடத்துக்கு ஒரு எண். வீட்டுக்குப் பெயின்ட் பார்க்கிற மாதிரிதான். நிறம் குறைகிறதென்றால் குடித்தனக்காரப் பாசி வெளியேறுகிறது என்று பொருள்.

ஏன் வெளியேறுகிறது? சூடு. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதல் சூடு சில வாரம் நீடித்தாலே போதும், பவளம் பாசியைத் துப்பிவிடும். உள்ளே இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு கண்ணாடி வழியே தெரிவதுபோலத் தெரியும். இதுதான் வெளிறல். முக்கியமான விஷயம், வெளிறிய பவளம் செத்த பவளமல்ல. பட்டினி கிடக்கிற பவளம். சூடு தணிந்தால் பாசி திரும்பி வரும். தணியாவிட்டால் சாவு. ஆகவே வெளிறிய வேளையில் ஒரு முறை, சில மாதம் கழித்து ஒரு முறை என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சூட்டையும் கணக்கு வைக்கிறார்கள். அமெரிக்காவின் நோவா நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் கடல்மேற்பரப்பு வெப்பத்தை அளந்து, கூடுதல் டிகிரியை வாரங்களால் பெருக்கிக் கூட்டுகிறது. ஒரு டிகிரி கூடுதல் நாலு வாரம் என்றால் நாலு புள்ளி. இரண்டு டிகிரி இரண்டு வாரம் என்றாலும் நாலு புள்ளி. நாலு தொட்டால் வெளிறல் எதிர்பார்க்கலாம். எட்டு தொட்டால் பரவலான வெளிறலும் சாவும் எதிர்பார்க்கலாம். பாக்கித் தொகைக்கு ஏறும் அபராத வட்டி போலத்தான் இதுவும்.

இவை தவிர நோய் வந்த திட்டுகள் எத்தனை, மேலே படர்ந்த பாசி எவ்வளவு, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த பவளக் குஞ்சுகள் எத்தனை என்றும் எண்ணுகிறார்கள். குஞ்சு இருந்தால் எதிர்காலம் இருக்கிறது. மீனையும் எண்ண வேண்டும். கிளிமீனும் ஓராவும் பாசியை மேய்ந்து இடத்தைச் சுத்தமாக வைத்தால்தான் பவளக் குஞ்சு ஒட்டும். களவா போன்ற பெரிய மீன் கண்ணில் படவில்லையென்றால் வலை அதிகம் விழுந்திருக்கிறது என்று யூகிக்கலாம்.

எத்தனை வகை என்பதும் கணக்குதான்

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சி.எஸ்.கோபிநாத பிள்ளை அவர்கள் இந்தக் கடலின் பவள வகைகளைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டவர்களில் முன்னோடி. 1986இல் அவர் கொடுத்த பட்டியலில் 94 இனங்கள். பின்னர் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2003 முதல் 21 தீவுகளையும் முங்கிப் பார்த்து 117 இனங்கள் என்று கணக்குத் தந்தார்கள். பவளம் பெருகியதால் எண் கூடியது என்று எண்ணிவிடக் கூடாது. தேடியது கூடியது, ஆகவே கண்டதும் கூடியது. சரக்கு ஏறவில்லை, எண்ணிக்கை சரியானது.

இனம் எத்தனை என்பது மட்டும் போதாது. எந்த விகிதத்தில் என்பதும் வேண்டும். இரண்டு தீவுகள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டிலும் பத்து இனம், நூறு திட்டு. முதல் தீவில் ஒவ்வொன்றிலும் பத்து. இரண்டாம் தீவில் ஒரே இனம் 91, மற்ற ஒன்பதும் ஒவ்வொன்று. எண்ணிக்கையில் இரண்டும் சமம். ஆனால் 91க்கு ஒரு நோய் வந்தால் இரண்டாம் தீவு காலி. இந்த வித்தியாசத்தை ஒரே எண்ணில் காட்ட ஷானன் குறியீடு என்று ஒன்று உண்டு. கிளாட் ஷானன் டெலிபோன் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்; 1948இல் செய்தி அனுப்பும் கணக்குக்காகக் கண்டது, பவளத்துக்கும் பொருந்திவிட்டது. அதன்படி முதல் தீவுக்கு 2.30, இரண்டாம் தீவுக்குச் சுமார் 0.50.

இந்த இரண்டாவது கணக்கு ஏன் அவசியம்? சூட்டில் முதலில் சாவது வேகமாக வளரும் அக்ரோபோரா போன்ற கிளைப்பவளம். தாக்குப்பிடிப்பது பெரும்பாலும் உருண்டைப் பவளம். பிறகு சில நல்ல வருஷம் வந்தால் வேகக்காரர்களே முதலில் பரவி இடத்தைப் பிடிப்பதும் உண்டு. அப்போது சதவிகிதம் பழையபடி ஏறிவிடும், ஆனால் உள்ளே ஆட்கள் மாறியிருப்பார்கள். மொத்தத் தொகை சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற தணிக்கையாளர் இங்கேதான் ஏமாறுவார்.

இதுவரை வந்த கணக்கு

மன்னார் வளைகுடாத் தீவுகளில் 2003-05 காலத்தில் உயிர்ப்பவளப் பரப்பு சுமார் 37 சதவிகிதம். 2009இல் சுமார் 43. ஏன் ஏறியது? பவளப்பாறையை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். 2004 சுனாமி வந்து போனபின், பாறை நம்மைக் காப்பது என்ற எண்ணமும் கரையூர்களில் பரவியது. 2005 வாக்கில் கல் எடுப்பது நின்றது. நின்றதும் பவளம் தலையெடுத்தது. மனிதன் கையை எடுத்தால் கடல் தானே தேறிக்கொள்ளும் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் 2010 கோடையில் வெளிறல் வந்து சுமார் 33க்கு இறங்கியது. மெல்ல ஏறி 39 அளவுக்கு வந்தபோது 2016 கோடை. 38.9 என்பது 22.7 ஆயிற்று. ஒரே வருஷத்தில் பதினாறு சதவிகிதப் புள்ளி பற்று! கல் வெட்டியவர் யாருமில்லை, வெடி போட்டவர் யாருமில்லை. சூடு ஒன்றே காரணம்.

லட்சத்தீவிலும் கதை இதுதான். அகத்தி, கவரத்தி, கட்மத் பவளத்திட்டுகளை 1998 முதல் 2022 வரை தொடர்ந்து பார்த்ததில், 37 அளவில் இருந்த பரப்பு 19 அளவுக்குப் பாதியாகிவிட்டது. ஒவ்வொரு வெளிறலுக்குப் பிறகும் தேறியிருக்கிறது. முழுசாகத் தேறுவதற்குள் அடுத்த அடி விழுந்திருக்கிறது. 2024 ஏப்ரலில் உலக அளவில் நாலாவது வெளிறல் என்று அறிவித்தார்கள். 2023 தொடக்கத்திலிருந்து 2025 வரை உலகப் பவளப்பரப்பில் 84 சதவிகிதம் வெளிறலுக்குரிய சூட்டைக் கண்டிருக்கிறது.

உள்ளூர்த் தொல்லைகளும் உண்டு. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசி குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்து மூச்சைத் திணறடிப்பதை 2008இல் கண்டார்கள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டு தீவுகளும் தண்ணீருக்குள் போய்விட்டன. வான் தீவு 1986இல் 16 ஹெக்டேர், 2014இல் சுமார் 2 ஹெக்டேர். அலையை முதலில் வாங்கிக்கொள்வது பவளப்பாறை. அதை வெட்டி எடுத்தபின் அலை தீவையே வந்து அடிக்கும் என்பதில் என்ன ஆச்சரியம்? சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த கான்கிரீட் செயற்கைப் பாறைகளை வான் தீவுக்கு முன்னால் இறக்கியபின் தேய்மானம் கட்டுப்பட்டிருக்கிறது. நாம் எடுத்த கல்லுக்குப் பதில் கல், அவ்வளவுதான்.

ஆரம்ப இருப்பு எங்கே?

தணிக்கைக்காரன் என்ற முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. எந்தக் கணக்குக்கும் ஆரம்ப இருப்பு வேண்டும். இங்கே 21 தீவுகளையும் முறையாக அளந்த முதல் கணக்கு 2003-05இல். அதற்கு முன்பே பல பத்தாண்டுகள் வள்ளம் வள்ளமாகக் கல் போயாயிற்று. கஜானாவைக் காலி செய்தபின் சாவியை வாங்கிக்கொண்டு, இருந்த மிச்சத்தை ஆரம்ப இருப்பு என்று எழுதியிருக்கிறோம். 37 சதவிகிதம் நல்ல எண்ணா, கெட்ட எண்ணா என்று எதை வைத்துச் சொல்வது?

சில வருஷம் முன்பு எங்கள் பழைய வீட்டை இடித்தோம். அஸ்திவாரம் வெளியே வந்தபோது மருமகன் மண்ணைத் தட்டித் தட்டி ஒவ்வொரு கல்லாகப் பார்த்தான். ஊசிமுனைக் குழிகள் நெருங்கியிருந்ததைக் காட்டி "இது போரைட்டஸ், மாமா" என்றான். தேன்கூடு போல் பெரிய கண்ணுள்ளதைக் காட்டி வேறொரு பெயர் சொன்னான். அரைமணி நேரத்தில் நாலு வகை எழுதிவிட்டான். பிறகு, "உங்க அப்பா எந்த வருஷம் கட்டினாங்க?" என்று கேட்டான். 1962 என்றேன். அதையும் எழுதிக்கொண்டான்.

அன்றுதான் எனக்கு உறைத்தது. தொலைந்துபோன ஆரம்ப இருப்பு எங்கும் போகவில்லை. எங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் காலடியில்தான் கிடக்கிறது. அந்த வீட்டில்தான் நான் பிறந்தேன், படித்தேன், அங்கிருந்துதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலைநகருக்கு ரயிலேறினேன். அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் சட்டத்தை மீறவில்லை, அப்போது சட்டமே இல்லை. ஆனால் கடன் கடன்தான். வாங்கியவர் பெயர் பேரேட்டில் இல்லை என்பதால் அது தள்ளுபடி ஆகிவிடாது.

அந்தக் கற்களை லாரிக்காரர் கேட்டார், கொடுக்கவில்லை. நல்லதாகப் பத்துக் கல் மருமகன் எடுத்துப் போனான். மற்றவை தோட்டத்து மூலையில் அடுக்கியிருக்கின்றன.

இம்மலரைப் படிக்கும் அன்பர்களில் கீழக்கரை, வேம்பார், மண்டபம், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள் பலர் இருப்பீர்கள். அடுத்த முறை லீவில் ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். கல் எந்தத் தீவுப் பக்கமிருந்து வந்தது, எந்த வருஷம், எத்தனை வள்ளம்? பதில் கிடைத்தால் ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வையுங்கள். வீட்டை இடிக்கிறீர்கள் என்றால் கல்லைப் படம் எடுத்து வையுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. கடைகளில் பவளப்பாறைத் துண்டை அலங்காரப் பொருளாக விற்றால் வாங்காதீர்கள். அது சட்டப்படி குற்றம்.

கடல் சூடாவதை நம்மில் ஒருவர் நிறுத்த முடியாது. ஆனால் வாங்கிய கணக்கையாவது ஒப்புக்கொண்டு எழுதி வைக்கலாமே. எங்கள் வீட்டுக் கணக்கை நான் எழுதிவிட்டேன்: 1962, தூத்துக்குடி, நாலு வகை. எத்தனை வள்ளம் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. சொல்லக்கூடியவர்கள் இப்போது இல்லை.